இரண்டு கிணற்றுப் பருப்பு

அருள்புரத்தில் எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது. சாயப்பட்டறைகள் பெருகிய பிறகு, துணி துவைக்கக்கூட அந்தத் தண்ணீரை யோசித்துத்தான் எடுப்போம். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர். அதற்காகக் குடங்களோடு தெருவில் நிற்பது என் மனைவியின் அன்றாட வேலை. பனியன் கம்பெனியிலிருந்து நான் ஓய்வு பெற்றபின் எங்கே குடியிருப்பது என்ற பேச்சு வந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"நம்ம கெணத்துத் தண்ணியில சோறாக்கோணுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

எங்கள் கம்பெனித் தையல்காரர் ஒருவருக்குத் தெற்கே கடலோரத்தில் சொந்த ஊர். அவர் கல்யாணத்துக்குப் போனபோது என் மனைவி அங்கே தண்ணீர் குடித்துவிட்டு, "இனிக்குதுங்க" என்று சொம்பை மறுபடியும் நீட்டினாள். பிறகு அவருடைய பெரியப்பா தம்முடைய இரண்டு காலி மனைகளில் ஒன்றை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, ஆயுத பூஜை விடுமுறையில் தையல்காரரோடு புறப்பட்டோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் ஒன்று அது.

முதல் மனை சாலையோரம். மட்டம் தட்டி, எல்லைக்கல் நட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலேயே இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்த இஞ்சு டேப்பை எடுத்து முகப்பை அளக்கக் குனிந்தேன்.

பெரியப்பா சிரித்துவிட்டார். "ஏ, நெலத்துக்குச் சட்டையா தைக்கப் போறிய?"

இரண்டாவது மனை பனைகளுக்கு அப்பால், மணல்மேட்டின் மேல். நடந்தால் கால் புதைந்தது. கடல் இரைச்சல் காதில் விழுந்தது. இத்தனை பக்கத்தில் கடல் இருந்தால் நீர் உப்பாகத்தான் இருக்கும், தள்ளியிருக்கும் சாலை மனையில் நன்றாக இருக்கும் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். பட்டா, வில்லங்கச் சான்று, பாதையின் அகலம் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்த நான், தண்ணீரைப் பற்றி யாரையும் கேட்கவில்லை.

என் மனைவி பையைத் திறந்து துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தாள். சாலை மனைக்குப் பக்கத்து வீட்டு ஆழ்குழாயிலிருந்து ஒரு குடம், மேட்டு மனையை ஒட்டிய தோப்பின் உறைகிணற்றிலிருந்து ஒரு குடம் கேட்டாள். தையல்காரர் கூசிப் போனார். "மதினி, குடிச்சுப் பாத்தாப் போதாதா?"

"பருப்பு வேகுதான்னு பாத்துட்டா மனசுக்கு நிம்மதிங்க தம்பி."

"ஏ தாயி, மனை பாக்க வந்தியா, மறுவீட்டு விருந்துக்கு வந்தியா?" என்றார் பெரியப்பா.

"கொழம்பு நல்லா வந்தா விருந்தும் ஆச்சுங்க!"

அவர் வீட்டுக் கொல்லையில் இரண்டு அடுப்புகள் எரிந்தன. குக்கர் கொடுத்தார்கள்; வேண்டாமென்று ஒரே அளவிலான இரண்டு பாத்திரங்களை வாங்கி, சமமாகப் பருப்பைப் போட்டாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். மேட்டுத் தண்ணீரில் பருப்பு மலர்ந்து, கரண்டி பட்டதும் குழைந்தது. சாலைத் தண்ணீரில் நுரைதான் பொங்கியது. பருப்பு சோழிபோல உருண்டது.

"இன்னும் கொஞ்சம் வெறகு வெச்சுப் பாக்கலாமே" என்றேன். பேருந்து நிறுத்தத்தை விட எனக்கு மனமில்லை.

"ஏனுங்க, நாள் முச்சூடும் எரிச்சாலும் அது இப்படியேதானுங்க கெடக்கும்."

பெரியப்பா எழுந்து வந்து இரண்டு பாத்திரங்களையும் கிண்டிப் பார்த்தார். "மழைத்தண்ணி அந்த மணல்ல எறங்கி மேலாகவே நிக்கும். ஆழமா போர் போட்டுராதிய, உப்பு ஏறிரும். உறைகிணறு போதும்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரோட்டு மனைக்குத்தான் வெலை கூட. நீங்க மட்டும் வந்திருந்தா அதையே தலையில கட்டியிருப்பேன்!"

நானும் சிரித்தேன். அவர் சொன்னது உண்மை. தான் எதற்காக மனை வாங்குகிறோம் என்பதை, அத்தனை பேருக்கு நடுவிலும் ஒரு கணம்கூட மறக்காமல் அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அந்த ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் கருப்பட்டியும் கருவாடும் கொண்டுபோவார்கள். மேட்டு மனையைப் பதிவு செய்த நாளில் அவளோ தோப்புக்காரரிடம் கேட்டு ஒரு கேன் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். பேருந்தில் அதைக் காலுக்கிடையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் காலை எங்கள் தெருவில் லாரி வந்து ஹாரன் அடித்தது. "குடத்தை எடுத்துட்டு வாங்கக்கா!" என்று பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள்.

மனைவி அடுப்பை விட்டு நகரவில்லை. பருப்பு வெந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு வேண்டாங்கண்ணு" என்றாள். "எங்க ஊட்டுத் தண்ணி இருக்குது."

வீட்டுக்கு ஒரு செங்கல்கூட அப்போது நாங்கள் வாங்கியிருக்கவில்லை.