மூன்றாம் பீரியடில் வந்த ராஜா

பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டுப் பாடம் நடத்தும் தொழிலில் முதலில் கேட்கக் கிடைப்பது, பக்கத்து வகுப்பு டீச்சர் ஜன்னலில் தட்டும் சத்தம். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருவில் நாள் முழுக்க ஓடும் தறிச் சத்தம் அவர் காதில் ஏறாது. பிள்ளைகள் வாயைத் திறந்தால் மட்டும் தலை வலித்துவிடும்.

படிப்பு என்ன?

நாடகக் குழு என்னைச் சின்னக் காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பியது. பெரிய சார், அதாவது ஹெட்மாஸ்டர், என்ன படித்திருக்கிறாய் என்றார். பத்தாவது, கணக்கில் ஃபெயில் என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஐந்தாம் வகுப்பின் மூன்றாம் பீரியடை வெள்ளிக்கிழமை வரை கொடுத்தார். அன்று அவரே கேள்வி கேட்பாராம். பதில் வராவிட்டால் நாடகத்துக்கு முழுக்கு. போகும்போது சொன்னார்: "புள்ளைங்கள உன்ன மாதிரி ஆக்கிடாதம்மா."

மூடிய மதகு

பாடம் ஏரி. கைகோத்து நின்ற பிள்ளைகள் கரை. நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற தாழ்வான கலங்கலுக்குக் குள்ளமான இரண்டு பேர். வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு, தீபா. விவசாயி குமார் பயிர் காயுது, காயுது என்று கத்திப் பார்த்தான். மதகு அசையவில்லை. என்னடி என்றேன். "அவன் எடுத்துக்கினு போன ஸ்கேல குடுக்கச் சொல்லுக்கா, தண்ணி வுடறேன்."

புறப்பாடு

மறுநாள் கதையில், ஏரியைப் பார்க்க ராஜா வர வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ராஜாவை எங்கே கண்டார்கள்? சாமி வருவதுதான் தெரியும். குமாரைப் பெஞ்சோடு தூக்கினார்கள். வராந்தாவில் மாட்டியிருந்த பெரிய சாரின் குடை சாமிக்குடை ஆனது. டிபன் பாக்ஸ் மூடிகள் தாளம். திருப்பத்தில் நின்று, ஆடி ஆடி நகர்ந்தார்கள். நான் தடுக்கவில்லை.

சத்தம் கேட்டுக் கோபமாக வந்தார் பெரிய சார். வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். சாமியைக் கண்டதுபோல் கையும் தானாகக் குவிந்துவிட்டது. குமார் விடுவானா, அபய ஹஸ்தம் காட்டினான். மூன்று வகுப்பும் பார்த்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னியோட மூட்ட கட்டும்மா."

வெள்ளிக்கிழமை

நான் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை வரை என்றது நீங்கள்தானே என்று கேட்டேன். முறைத்தார், ஆனால் சொன்ன சொல் அவருடையது.

வெள்ளிக்கிழமை வந்து, ஏரி நிரம்பினால் கரை எப்படித் தப்பும் என்று கேட்டார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்த்தார். கட்டின கையோடு ஏரி எப்படி ஆகும் சார் என்றேன். அவர் சரி என்பதற்குள் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன்.

கரை எழுந்தது. மீதிப் பிள்ளைகள் தண்ணீராக உள்ளே நெருக்கினார்கள். ஸ்கேல் கைக்கு வந்துவிட்டதால் தீபா மதகைத் திறந்தாள். போதவில்லை, கரை வளைந்தது. யாரும் சொல்லாமலே கலங்கல் இருவரும் சட்டென்று உட்கார, வெள்ளம் அவர்கள் தலைமேல் தாண்டி, வாசலில் நின்ற பெரிய சாரையும் தள்ளிக்கொண்டு வராந்தாவில் கொட்டியது. கரை உடையவில்லை.

ஜன்னலில் தட்ட வந்த டீச்சரிடம் பெரிய சார் சொன்னார்: "மூணாம் பீரியடு அந்தப் பத்தாவது ஃபெயிலுக்கே இருக்கட்டும் டீச்சர். நீங்க கதவ சாத்திக்கோங்க."

கணக்கில் நான் இன்னும் ஃபெயில்தான், அந்தக் கதவும் மூன்றாம் பீரியடில் இன்னும் சாத்தியேதான் இருக்கிறது.