பக்கத்து ஆளுக்காக என் மகள் செய்த ஜெபம்

“இனி எந்த வேலைக்கும் எழுதிப் போட மாட்டேன்ப்பா” என்று போன மழைக்காலத்தில் என் மகள் கிரேஸ் சொன்னாள். அன்றுதான் நான் உண்மையாகப் பயந்தேன்.

மருமகன் இறந்தபின் அவள் மும்பை செம்பூரில் எங்களோடு இருக்கிறாள். நாற்பதை நெருங்கும்போது மறுபடி கல்லூரிக்குப் போனாள். தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்து பட்டம் வாங்கினாள். சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சியையும் முடித்தாள். வேலை தேடிப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்? படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவனைப் பார்த்துக்கொண்டதை யாரும் அனுபவமாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கே தெரியும். ஓய்வு பெறும்வரை ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவன் நான். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கும் என்பதுவரை அத்துப்படி. மகளுக்கு ஒரு வேலை வாங்கித் தர மட்டும் வழி தெரியவில்லை.

ஜெபத்தையும் அலுவலகத் தோரணையில்தான் செய்தேன். நிரந்தரப் பணி, பகல் நேரம், ரயிலில் கோபர்கைரனேக்கு அப்பால் போகிற தூரம் வேண்டாம் என்று ஆண்டவருக்கே நிபந்தனை போட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டிருக்க வேண்டும். கிரேஸோ பேச்சையே குறைத்துக்கொண்டாள். சாத்திய அவள் அறைக் கதவைப் பார்த்தபடி ஹாலில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

தாராவியில் எங்கள் சபையின் உபவாச ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தேவைக்கு அவரவரே ஜெபிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும்; அவர் நமக்காகச் சத்தமாக ஜெபிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை கிரேஸைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பக்கத்தில் செல்வராணி உட்கார்ந்தார். மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துபவர். எந்த டீச்சரும் நிலைப்பதில்லை, ஒரு நல்ல ஆள் கிடைக்க ஜெபி என்று அவளிடம் சொன்னார்.

கிரேஸ் தொடங்கினாள். ஆண்கள் வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது.

“ஆண்டவரே, அக்காவுக்கு ஒரு டீச்சர அனுப்பும். பிள்ளைங்க அழுதா அதட்டாம, எதுக்கு அழுவுதுன்னு கேக்குற ஆளா அனுப்பும். இந்தி தெரியாத பிள்ளைய மடியில வச்சு, தமிழ்லயே தேத்துற ஆளா...”

குரல் நின்றுவிட்டது. தான் கேட்கிற அந்த ஆள் யார் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்கிறது.

செல்வராணி அவள் முதுகைத் தடவினார். “உனக்கு என்னட்டி கேக்கணும்?”

“வேல” என்றாள் கிரேஸ்.

செல்வராணி ஜெபிக்கவில்லை. சிரித்தார். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார்.

ஜெபம் முடிந்து கஞ்சி ஊற்றும்போது அவரிடம் போய், சான்றிதழ்களோடு என்றைக்கு நேர்காணலுக்கு வரட்டும் என்று கேட்டேன். பழக்கதோஷம்.

“அண்ணாச்சி, அவ ஜெபத்தக் கேட்டாச்சுல்லா. இன்னும் என்ன இண்டர்வியூ? திங்கக்கெழம வரச் சொல்லுங்க.”

திங்கட்கிழமை சாயங்காலம் தொண்டை கட்டிப்போய், சேலையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லத் தொடங்கினாள். நானும் என் மனைவியும் நின்றபடியே கேட்டோம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அன்றிலிருந்து என் ஜெபத்தில் முதலில் வருவது அடுத்தவர் காரியம்தான். பல வருடம் படித்துக் காத்திருந்து சோர்ந்துபோன யாராவது இந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தால், வரும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வாருங்கள். வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் பாரத்தை என்னிடம் சொல்லுங்கள்.