இரண்டாம் பேணி

போன கிழமை ஆஸ்பத்திரியில் என் வயிற்றை நானே பார்த்தேன். சிரிக்காதீர்கள். கட்டிலில் படுக்கவைத்து, குளிர்ந்த பசை ஒன்றைப் பூசி, மேலே ஒரு கருவியை உருட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த டிவியைக் காட்டினாள் அந்த டொக்டர் பிள்ளை. இது ஈரல், இது பித்தப்பை என்றாள். மாரிக்கடல் மாதிரி எல்லாம் கறுப்பும் சாம்பலுமாக அசைந்தது. இத்தனை வருடம் நான் போட்டதையெல்லாம் வாய்பேசாமல் அரைத்துத் தந்த சீவன்களை முதல்முதலாகக் கண்ட சந்தோசத்தில் எனக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. வயிறு குலுங்க, டிவியில் ஈரலும் குலுங்கியது.

"அம்மம்மா, ஆடாம இருங்கோ" என்றாள். பிறகு, குடும்பத்தில் ஆருக்கும் வயிற்று வருத்தம் இருந்ததோ என்று கேட்டாள். ஓம், என் தங்கச்சிக்கு என்றேன். என்ன வருத்தம் என்றாள். அது ஒரு சொல்லில் சொல்லி முடிகிற வருத்தம் இல்லை. வெளியே வேறு பத்துப் பேர் காத்திருந்தார்கள். உங்களுக்கு அவசரம் இல்லைதானே? இருங்கள், சொல்கிறேன்.

அந்தப் பசையின் வழுவழுப்புத்தான் காரணம். எனக்கு உடனே ஆமணக்கெண்ணெய் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் சம்பூர். அப்பா குடாவில் வலை போடுகிறவர். வருடத்தில் இரண்டு தரம், பள்ளிக்கூட விடுதலை வந்தால், எங்கள் வீட்டில் பேதி குடிக்கிற நாள். வயிறு ஒரு சட்டி என்பது அம்மாவின் எண்ணம். சமைக்கிற சட்டியைத் தினமும் கழுவுகிறோம், இதை வருடத்துக்கு இரண்டு தரமாவது கழுவவேண்டாமா என்பாள். விடிய வெறுவயிற்றில் ஆளுக்கொரு பேணி சுடு கோப்பி, அதன் மேலே மஞ்சளாக மிதக்கிற ஆமணக்கெண்ணெய். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கு. அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரோடு ஒருவர் கதைக்க நேரமிராது. ஆளுக்கொரு பற்றை மறைவு. அப்பா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு பெரிய மனிதர் போல மெதுவாக நடந்து போவார், பாதி வழியில் சுருட்டையும் எறிந்துவிட்டு ஓடுவார். மத்தியானம் மிளகுதண்ணியும் சோறும். அந்தச் சோற்றுக்கு இருந்த ருசி இப்போது எந்தச் சோற்றுக்கும் இல்லை.

நான் மூத்தவள். பள்ளிக்கூடம் போகவில்லை. மீன் வெட்டவும் அடுப்புப் பார்க்கவும் அம்மாவுக்கு ஒரு ஆள் வேண்டும். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் படித்தது கத்தியால்தான். பித்து உடைந்தால் மீன் முழுக்கக் கசக்கும். சுறாவுக்குக் குடல் கட்டை, ஆனால் பிளந்து பார்த்தால் உள்ளே சுருள் சுருளாக ஏணிப்படி. கோழிக்கு வாயில் பல் இல்லை, வயிற்றுப் பையில் கல் வைத்து அரைக்கும். மனிசருக்குள்ளும் இப்படித்தான் ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தங்கச்சி பவளம் படித்தவள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினைந்து. எனக்கு எழுத்துப் படிப்பிக்கப் பார்த்தாள், 'அ'வைத் தாண்ட என்னால் ஏலவில்லை. ஆனால் சுகாதாரப் புத்தகத்தில் மனிசனின் வயிற்றுப் படத்தைக் காட்டினாள் பாருங்கள், அது அப்படியே மண்டையில் ஏறிவிட்டது. வாயில் அரைபட்டது ஒரு குழாயால் இறங்குகிறது, இரைப்பையில் புளிக்கிறது, பித்தநீர் வந்து சேருகிறது, பிறகு குடலில் ஊர்ந்து ஊர்ந்து சத்தெல்லாம் உடம்புக்குப் போகிறது. குடல் எவ்வளவு நீளம் என்று கேட்டேன். அப்பாவின் வலைக் கயிற்றை எடுத்துப் பதினைந்து முழம் அளந்து, குசினி வாசலில் இருந்து தென்னைமரம் வரைக்கும் மணலில் விரித்தாள்.

"இவ்வளவும் உனக்குள்ள சுத்திக் கிடக்கு அக்கா."

அதுதான் உனக்கு இவ்வளவு சோறு தேவைப்படுகிறது என்றும் சேர்த்துச் சொன்னாள். வாய்க்காரி. படத்தில் பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் புழுப் போல ஒரு வால் தொங்கியது. அது என்னத்துக்கு என்று கேட்டேன். ஒன்றுக்கும் இல்லையாம், சும்மா தொங்குகிறதாம் என்றாள்.

அந்த முறை பேதி நாளுக்கு முதல் நாள் பின்னேரம் பவளத்துக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது. முதலில் தொப்புளைச் சுற்றி என்றாள். விடிந்தபோது வலது பக்கம், இடுப்பெலும்புக்குக் கிட்ட என்றாள். பேதிக்குப் பயந்து கள்ளம் அடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். ஏனென்றால் போனமுறை நான் அப்படித்தான் செய்தேன். அம்மாவுக்கோ, வயிற்றுக்குத்து என்றால் கழுவுவதற்கு இன்னும் பெரிய காரணம். மலம் கட்டிப்போச்சு, பேதி போனால் சரி என்று பேணியை நீட்டினாள்.

பவளம் குடித்தாள். குடித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால், கோடிப்பக்கம் போனாள். நானும் என் அவசரத்துக்கு அந்தப் பக்கம் போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு குடித்ததையெல்லாம் வாயால் சத்தி எடுத்துவிட்டு, காலால் மணலைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று.

"அம்மாட்ட சொல்லாத அக்கா."

நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. நான் குடித்தேன், அவள் மட்டும் தப்புவதா என்ற எரிச்சல். படிக்கிற பிள்ளை, செல்லப்பிள்ளை. அவ்வளவுதான். அம்மா இரண்டாம் பேணி ஊற்றினாள். பவளத்தின் மூக்கைப் பொத்திப் பிடித்தது நான். இந்தக் கை.

மத்தியானம் நோவு திடீரென்று நின்றுவிட்டது. சுகமாக இருக்கிறது என்று அவளே சொன்னாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். பேதியை மிஞ்சின மருந்து உண்டோ என்று அப்பாவிடம் பெருமை பேசினாள். பவளம் மிளகுதண்ணிச் சோறு இரண்டு வாய் சாப்பிட்டாள். என்னோடு கோபம் என்று காட்ட மற்றப் பக்கம் திரும்பி இருந்துதான் சாப்பிட்டாள். எனக்கும் சந்தோசம்தான். நான் சொன்னதால் சுகம் வந்தது என்று நினைத்தேன்.

பொழுதுபடக் காய்ச்சல் காய்ந்தது. வயிறு பலகை மாதிரி. தொட விடவில்லை. விடியற்காலை மாட்டுவண்டியில் மூதூருக்குப் போய், அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக முதல் லாஞ்சில், மோட்டர் படகில், ஏறினோம். அன்றைக்குக் குடா கண்ணாடி போலக் கிடந்தது. அதற்குள்ளும் லாஞ்சின் இஞ்சின் நடுங்குகிற நடுக்கம் அவளுக்குத் தாங்கவில்லை. என் மடியில் தலை வைத்திருந்தாள். இன்னும் எவ்வளவு தூரம் என்று இரண்டு தரம் கேட்டாள். கோபம் எல்லாம் மறந்துபோயிருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் உடனே வெட்டினார்கள். வெட்டின டொக்டர் வெளியே வந்து, அம்மாவுக்கு விளங்கவேண்டும் என்று ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் படம் கீறினார். அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதே குழாய், அதே பை, அதே வால். அந்த வால் அடைபட்டு வீங்கி இருந்ததாம். அந்த நேரம் பேதி கொடுத்தால் குடல் முறுக்கித் தள்ளுமாம். வால் வெடித்து, அழுக்கெல்லாம் வயிறு முழுக்கப் பரவிவிட்டதாம். நோவு நின்றதே அது வெடித்தபோதுதானாம். அவர் அம்மாவை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

"குடுக்காட்டி?" என்று அம்மா கேட்டாள்.

அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அப்பவும் வெட்டத்தான் வேணும் அம்மா. நேரம் இருந்திருக்கும்."

மூன்றாம் நாள் பவளம் போய்விட்டாள். திரும்பி வந்த லாஞ்சில் எங்களோடு ஏறினவர்கள் எல்லாரும் எழும்பி இடம் விட்டார்கள். கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரி, ஆரென்றே தெரியாது, தான் உடுக்க வைத்திருந்த புதுச் சாரத்தை விரித்துப் பிள்ளைக்கு மேலே போர்த்தினார். சின்னப் பிள்ளை என்றபடியால் எரிக்கவில்லை, கடற்கரைப் பக்கம் புதைத்தோம்.

எண்ணெய்ப் போத்தலை அம்மா என்ன செய்தாள் என்று தெரியாது. எங்கள் வீட்டில் பேதி நாள் அதற்குப் பிறகு வரவில்லை. ஊரில் எந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்தாலும் அம்மா ஓடிப்போய் எந்தப் பக்கம் என்று கேட்பாள். வலது பக்கம் என்றால், தாய்மார் சண்டை பிடித்தாலும் விடாமல் லாஞ்சுக்கு அனுப்புவாள். அப்படி இரண்டு பிள்ளைகள் தப்பினார்கள். ஒருத்தி இப்போது கனடாவிலாம்.

என்னிடம் மட்டும் அம்மா அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாட்டுக் குழப்பங்கள் பெருகிறதுக்குக் கொஞ்சம் முந்தி, அம்மா கடைசியாகப் படுத்த கிழமை, கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவள் சத்தி எடுத்ததை நான்தான் கண்டனான். நீ ஒண்டும் சொல்லேல்ல. விளங்குதோ?"

நான் ஓம் என்றேன்.

அம்மா போனாள், அப்பா போனார். பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. வருடங்கள் கழித்துத் திரும்பிப் போனபோது வீடிருந்த இடத்தில் முட்பற்றை. கடற்கரையில் பிள்ளையைப் புதைத்த இடத்தை எங்கே என்று காட்ட ஒரு மரம் மிச்சமில்லை. அந்தக் காலையில் அந்த வளவில் நின்றவர்களில் நான் மட்டும்தான் மிச்சம். அம்மா சொன்னபடியே நானும் சொல்லிவிட்டுப் போகலாம், இல்லை என்று சொல்ல உலகத்தில் ஆளில்லை. ஆனால் அம்மா கோடிப்பக்கம் வரவே இல்லை. நான்தான் சொன்னேன்.