நீக்கப்படுவது ஒன்று

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தின் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் அவள் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் அவள் 'சிஸ்டம்'தான். அண்ணன் இறந்துபோய்ப் பதினெட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். எல்லோரும் வந்து விசாரித்தார்கள். என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்ட முழு அப்டேட் அன்றைக்கு. முன்பு ஒருமுறை அவசரத்துக்கு ஒரே ஒரு புரோகிராமை மட்டும் புதுப்பித்தாள். பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பான லைப்ரரியும் அதற்காகப் புதிதாக வந்தது; அது ஒத்துக்கொள்ளாமல் வேறு ஐந்து புரோகிராம்கள் படுத்துவிட்டன. பட்டதே போதும் என்று, அதிலிருந்து செய்தால் எல்லாவற்றையும் சேர்த்தே செய்வாள்.

முதலில், தண்ணீரைச் சோதிக்கும் மெஷின் இருந்த அறையின் கம்ப்யூட்டர். எந்தப் புரோகிராமுக்கு எது வேண்டும் என்று, அவற்றை நிறுவும் மென்பொருளான பேக்கேஜ் மேனேஜர் அலசிப் பட்டியலை நீட்டியது: புதுப்பிப்பது நானூற்றுப் பன்னிரண்டு, புதிதாக வருவது ஒன்பது, நீக்கப்படுவது ஒன்று. தொடரலாமா?

வரி வரியாகப் படிக்கிறவள் அவள். அன்றைக்கு விரல் தானாகவே 'சரி' என்று தட்டிவிட்டது.

பதினோரு மணிக்குக் கெமிஸ்ட் வந்து நின்றார். "சிஸ்டம், அந்தக் கிழட்டு மெஷின் வாயே திறக்க மாட்டேங்குதும்மா. என்கிட்ட கோவமா?"

அப்டேட் பதிவைத் திறந்து பார்த்தாள். மெஷினின் அளவுகளைப் படிக்கும் புரோகிராமைக் காணோம். அதற்குப் பழைய லைப்ரரி வேண்டும். புதியதும் பழையதும் ஒன்றாக இருக்க முடியாது. அதனால் பேக்கேஜ் மேனேஜர் அந்தப் புரோகிராமைக் கழற்றிவிட்டிருந்தது.

"என் தப்புதான் சார். நீக்கட்டுமான்னு கேட்டுச்சு. படிக்காம சரின்னுட்டேன்."

"நீயா?"

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வெட்கமும் வரவில்லை. கை மட்டும் வேலை பார்த்தது. பழைய லைப்ரரியைத் திரும்பக் கேட்டாள். அப்படியானால் முப்பத்தேழு புரோகிராம்கள் போகும் என்றது. முப்பத்தேழையும் படித்துவிட்டு, வேண்டாம் என்றாள். மெஷின் புரோகிராமின் மூலக் குறியீடு சேமிப்பில் இருந்தது. இரண்டு வரியைத் திருத்தி, புது லைப்ரரிக்கு ஏற்ப மறுபடி உருவாக்கினாள். மூன்றாவது முயற்சியில் மெஷின் எண்களைக் கக்கியது.

"பொழச்சேன்!" என்றார் கெமிஸ்ட். "சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்னு நினைக்கிறேன்."

அவர் தன் சாப்பாட்டு டப்பாவில் பாதியை அவள் பக்கம் தள்ளினார். ருசி தெரியாமலே தின்று முடித்தாள்.

மாலை அண்ணி போன் செய்தாள். "எப்ப வருவே? வீடு வெறிச்சுனு இருக்குடி."

"இன்னும் நாலு கம்ப்யூட்டர் பாக்கி இருக்கு அண்ணி."

"நாளைக்குப் பாக்கக் கூடாதா?"

யோசித்தாள். பாக்கலாம்தான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.