என் இடத்தில் உட்கார்ந்த பெட்டி

எங்கள் ஃபோர்மேனின் சட்டைப்பை வேலை நேரத்தில் பாடும். அவர் மொபைலை எடுத்துப் பார்ப்பார். கூப்பிடுகிற ஆளின் பெயர் அதில் எழுத்தாக வரும். பார்த்துவிட்டுப் பேசாமல் மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வார். அது பாடி ஓயும். மஸ்கட் வந்து இத்தனை வருஷத்தில் வெயில் பழகிவிட்டது. இது பழகவில்லை. எங்கள் சேர்வராயன் மலையில் ஒரு சரிவில் இருந்து ஒருத்தர் கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் இருக்கிறவன் 'ஓவ்' என்று குரல் கொடுத்தாக வேண்டும். ஏணி மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தாலும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சாயங்காலம் வாசலில் வந்து நிற்பார்கள். "ஏனுங்க, எங்க மேல என்னுங்க வருத்தம்?" என்று கேட்பார்கள்.

ஒரு நாள் நடைபாதைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தோம். ஃபோர்மேனின் பை பாடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பையைக் காட்டி, "கலாம், கலாம்" என்றேன். பேசுங்கள் என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் நான் மொபைலைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன். கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, "ஷூஃப்" என்றார்; பார் என்று சொல்லி எனக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார். மணி காட்டுகிறது. காலையில் எழுப்புகிறது. கணக்குப் போடுகிறது. ஒரு புழு ஓடி ஓடித் தின்று நீளுகிற விளையாட்டு இருக்கிறது. பாட்டை மாற்றி மாற்றி வைக்கலாம். எழுத்தில் சேதி அனுப்பலாம். கடைசியில் மொபைலை உள்ளங்கையில் வைத்து நீட்டி, "குல்லு ஃபீ" என்றார். எல்லாம் இதில் இருக்கிறது என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். எல்லாம் இருக்கிற பெட்டி ஒன்றை நானும் ஒரு காலத்தில் வாங்கினவன்தான்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. மாரமங்கலத்துப் பக்கம் காப்பியும் மிளகும் சாமையும் வைத்திருந்த குடும்பம். என் ஒரே மகள் பொன்னி ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸைப் பார்த்ததில் இருந்து தானும் அப்படி ஆக வேண்டும் என்பாள். அதற்குத்தான் நான் மலையிறங்கிக் கடல் தாண்டினேன். வேறு காரணம் இல்லை. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் மலை சின்னது.

அப்போது நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் எல்லாருடைய ஆசையும் டூ-இன்-ஒன். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி. வெள்ளிக்கிழமை சூக்குக்குப் போவோம். கடைவீதியை இங்கே அப்படிச் சொல்வார்கள். கடைக்காரர் விரட்டும்வரை அதன் முன்னால் நிற்போம். இரண்டு பக்கமும் வலைபோட்ட ஸ்பீக்கர். தூக்கிப் போக ஒரு கைப்பிடி. பேசினால் துடிக்கிற சின்னச் சிவப்பு விளக்கு. பாட்டுக் கேட்கிறதைவிட அதில் எனக்குப் பிடித்தது மைக் ஓட்டைதான். கடுகு அளவு ஓட்டை. அதற்கு முன்னால் பேசினால் உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. மனசில் இருப்பதைக் கடுதாசியில் எழுத எனக்கு வராது. எழுதினாலும் என் ஊட்டுக்காரிக்குப் படிக்க வராது. யாராவது படித்துச் சொல்ல, சுற்றி நாலு பேர் கேட்பார்கள். குரலை அனுப்பலாம் என்றதும் நான் அதை வாங்கிவிட்டேன்.

அந்த வருஷம் ஊரில் இருந்து சேதி வந்தது. என் அக்கா தன் மகன் ராமனுக்குப் பொன்னியைக் கேட்கிறாள். முறை மாப்பிள்ளை. செம்மநத்தத்தில் இருக்கிறார்கள். ராமன் கெட்டவன் இல்லை. ஆனால் பொன்னி ஒன்பதாவதுதான் படித்துக்கொண்டிருந்தாள். எங்களில் கல்யாணப் பேச்சு ஊர்க்கூட்டத்தில்தான் முடியும். பெண்ணைப் பெற்றவன் கூட்டத்தில் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கேசட்டில் பேசி அனுப்பினேன். ஊருக்குப் போன ஆத்தூர்க்காரர் முருகேசனிடம் பெட்டியையும் கேசட்டையும் கொடுத்துவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து தனியாகத்தான் பேசினேன். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் கூட்டம் முழுவதும் இருந்தது. கூட்டத்தில் எடுத்தவுடனே காரியத்தைப் பேசுகிறவனை நாங்கள் மதிப்பதில்லை. முதலில் ஊர்க்கவுண்டரை விசாரிக்க வேண்டும். பிறகு பெரியவர்களை. பிறகு வீடு வீடாக, வரிசை தப்பாமல், மாடு கன்று மிளகுக் கொடி வரைக்கும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டார் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார்கள். நான் ஒரு வீட்டையும் விடவில்லை. விசாரித்து முடிக்கிறபோது ஒரு பக்கம் தீர்ந்துபோய் 'டக்' என்று நின்றது. திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கத்தில் காரியத்தைச் சொன்னேன்.

கூட்டத்தில் நடந்ததை என் ஊட்டுக்காரி பின்னால் சொன்னாள். கூட்டத்தில் அயலூர்க்காரர் உட்காரக் கூடாது. முருகேசன் கவுண்டருக்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். இளவட்டங்களுக்கும் அங்கே இடமில்லை. பெண்கள் தள்ளி நின்றார்கள். பெட்டியை நான் வழக்கமாக உட்காருகிற இடத்தில், கம்பளி விரித்து, அதன் மேல் வைத்தார்களாம். கவுண்டர் பொத்தானை அமுக்கிவிட்டு, "பேசு சாமி" என்றாராம். நான் விசாரித்தேன். அவரும் பதில் சொன்னார்.

"சௌக்கியமா இருக்கறோம் சாமி. நீ சௌக்கியமா?"

அதற்குள் பெட்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் தன் செவலை மாடு கன்று போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதிக் கதையில் பெட்டி அதற்கடுத்த வீட்டுக்குப் போனது. அவருக்குக் கோபம்.

"கேட்டா பதிலுக்கு நிக்கோணுமில்லப்பா! காசைப் பார்த்ததும் காலு தரையில நிக்கலியாட்ட இருக்குது."

"உடுங்க மாமா. அங்கெல்லாம் வேகமாத்தான் பேசுவாங்களாம். இல்லாட்டி சம்பளத்துல புடிச்சிக்கறாங்களாம்."

எல்லாரும் சிரித்தார்கள். பெட்டி கடைசி வீட்டை விசாரித்தது. 'டக்' என்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு கவுண்டர் வழக்கப்படி காரியத்தை எடுத்து வைத்தார். பெட்டியைப் பார்த்து, "உம் பொண்ணை உங்க அக்கா மவனுக்குக் கேக்கறாங்க. என்ன சொல்றே சாமி?" என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் மூன்று தடவை கேட்பார்கள். பெற்றவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் சம்மதம் என்று வைத்துக்கொள்வார்கள். மூன்று தடவை கேட்டார். பெட்டி பேசாமல் உட்கார்ந்திருந்தது. தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்.

ஹாஸ்டலில் இருந்து வந்திருந்த பொன்னி பெண்களோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் தன் அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான். "எல்லாத்து ஊட்டு மாட்டையும் கேட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கலியேம்மா."

கல்யாணம் முடிந்த சேதி எனக்குக் கடுதாசியில்தான் வந்தது. நான் சொன்னதை மீறிச் செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த லீவில் போனபோதுதான் மற்றது தெரிந்தது. பெட்டி பரணில் இருந்தது. கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டேன். கொட்டுச் சத்தம் வந்தது. ஆட்கள் சிரிக்கிறார்கள். பெண்கள் பாடுகிறார்கள். கல்யாணத்துக்கு வந்த லாட்ஜ் வேலைக்காரர் ஒருத்தர், பெட்டியில் பதியவும் செய்யலாம் என்று காட்டியிருக்கிறார். ஒரு பக்கத்தில் நான் பேசியிருந்தேன், மறுபக்கம் காலி என்று அதில் பதிந்துவிட்டார். அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் ஓடவிட்டுக் கேட்டேன். என் குரல் ஒரு இடத்திலும் இல்லை.

ஊட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "இனி வெளிய சொல்லாதீங்க. அவ அந்த ஊட்ல சோறு திங்கோணும். மாமனே வேண்டாம்னு சொன்னாருன்னா அவிய மனசுல நிக்குமில்லீங்க?" என்றாள். சரி என்றேன். மறுநாள் செம்மநத்தம் நடந்து போனேன். பொன்னி, "வாங்கப்பா" என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னே, "மாடு கண்ணெல்லாம் சௌக்கியமுங்க" என்றாள். அக்கா பக்கத்தில் இருந்தாள். நான் தண்ணீரைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு வந்த லீவுகளும் அப்படித்தான். பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். ராமன் அவளை நன்றாகத்தான் வைத்திருக்கிறான். ஆனால் அவளும் நானும் தனியாக ஒரு பேச்சுப் பேசியதில்லை. இதை இங்கே வந்த பிறகுதான் யோசித்தேன். எங்கள் மலையில் இரண்டு பேர் மட்டும் பேசுகிற பேச்சு என்று ஒன்று இல்லை. சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பேசினால் மலையே கேட்கும். கடுதாசியை ராமன்தான் உரக்கப் படிப்பான். கேசட்டைக் கூட்டத்தில் வைத்தார்கள். வீட்டுக்குள் போனால் வீடு நிறைய ஆள். இங்கேயும் அப்படித்தான் இருந்தது. கேம்ப்பில் ஒரே போன், வாட்ச்மேன் ரூமில். பின்னால் வரிசை நிற்கும். பெண்டாட்டியிடம் அழுகிறவனின் அழுகையை வரிசை முழுவதும் கேட்கும்.

மொபைல் வந்த பிறகு ஆட்கள் அதை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். சுவர் ஓரம், லாரிக்குப் பின்னால், படிக்கட்டுக்குக் கீழே. கையால் வாயை மறைத்துப் பேசுகிறார்கள். ரூமில் இருக்கிற பையன்கள் பாட்டைப் பற்றியும் புழு விளையாட்டைப் பற்றியும் சொல்லிச் சொல்லி ஆசை காட்டினார்கள். எனக்கு அந்தத் தள்ளிப் போகிறதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். பக்கத்துக் கட்டில் திருநெல்வேலிக்காரன் செல்லத்துரை விழுந்து விழுந்து சிரித்தான்.

"யாருக்குவே பேசப் போறீரு அண்ணாச்சி? உம்ம மலையில ஆந்தைல்லா போனை எடுக்கும்!"

"எடுத்தா பேசறேன்" என்றேன்.

பொன்னிக்கு எழுதிப்போட்டேன். நம்பர் மட்டும் எழுதி, ஏற்காட்டுக்குப் போகிறபோது பூத்தில் இருந்து கூப்பிடு என்று எழுதினேன். ராமன் படித்தாலும் அதில் ஒன்றுமில்லை. ரொம்ப நாள் ஒன்றும் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாடியது. எடுத்தேன். "அப்பா, நானுங்க. பூத்துக்காரரு காசு ரொம்ப ஆவும்னு இந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்புடச் சொல்றாரு" என்று நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். டீயை வைத்துவிட்டு ஒரு சுவர் ஓரமாகத் தள்ளிப் போனேன். கூப்பிட்டேன்.

அவள் குரல் காதுக்குள் வந்ததும் வாய் தானாக வரிசையைப் பிடித்துக்கொண்டது. கவுண்டர் எப்படி இருக்கிறார் என்றேன். அக்கா சௌக்கியமா என்றேன். மாமன் வீட்டில் என்று ஆரம்பித்தேன்.

"அப்பா" என்றாள். "இங்க யாருமில்லீங்க. கண்ணாடிக் கதவைச் சாத்திட்டு நான் ஒருத்திதான் நிக்கறேன்."

நான் நிறுத்தினேன். பிறகு சொன்னேன். "அன்னிக்கு நான் வேண்டாம்னு சொன்னேன் கண்ணு. கேசட்டோட அடுத்த பக்கத்துல சொன்னேன். அவிய அதைப் போடல. அப்புறம் அது மேல கொட்டுச் சத்தத்தைப் பதிஞ்சுட்டாங்க."

லைன் போய்விட்டதோ என்று மொபைலை எடுத்துப் பார்த்தேன். விநாடி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்தேன். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. ஏற்காட்டில் நல்ல மழை போல.

"இத இப்ப எதுக்குங்கப்பா சொல்றீங்க?" என்றாள்.

மழை பெய்துகொண்டே இருந்தது. அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அதுல என்னன்னு சொன்னீங்க?"

"பொன்னி படிக்கட்டும். நர்ஸு ஆவோணும்னு அவ ஆசைப்படறா. படிப்பு முடியட்டும். அப்புறம் கல்யாணத்தை அவளையே கேட்டுச் செய்யலாமுங்க. அப்படின்னு."

"அப்புறமுங்க?"

"அவ்வளவுதான் கண்ணு."

மூக்கை உறிஞ்சினாள். யாரோ கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். "இருங்க, பேசிட்டு இருக்கறோமில்ல" என்று அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இன்னொருவாட்டி சொல்லுங்கப்பா."

சொன்னேன். ரோட்டில் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சுவர் கொதித்தது. ஒரு காதில் லாரி, ஒரு காதில் மழை. லாரிச் சத்தத்தில் ஒரு சொல்லும் அவளுக்கு விட்டுப்போகக் கூடாது என்று அந்தப் பக்கத்துக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன்.