சாமி மேடைக்குக் கீழே இரண்டு சர்வர்கள்

தைப்பூசத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நான் எழுதிய குறிப்பு: "இணையதளம் திறக்கவில்லை." எங்கள் முன்னோரைப் புதைத்த ரப்பர் தோட்டத்து இடுகாட்டை இடிக்காதீர்கள் என்று நில அலுவலகத்தில் நாங்கள் முறையிட வேண்டிய நாள் அது. கல்லறைப் படங்கள் எல்லாம் அந்தத் தளத்தில்தான் இருந்தன.

தளம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று சொல்லும் முதன்மைப் பெயர் சர்வர் படுத்துவிட்டால், அதன் விவரங்களை நகலெடுத்து வைத்திருக்கும் இரண்டாவது சர்வர் பதில் சொல்லும். அதனால்தான் இரண்டையும் வேறு வேறு ஊரில் வைக்கச் சொல்லியிருந்தேன். கோலா கெத்தில் என்ற ஊரில் எங்களுக்காக அவற்றைத் தன் கடையில் வைத்திருந்த கணினிக் கடைக்காரரோ இரண்டையும் சாமி மேடைக்குக் கீழே ஒரே பிளக்கில் செருகியிருந்தார். முந்தின நாள் இடியில் இரண்டும் கருகிவிட்டன.

"சாமி பாத்துக்கும்னுதான் அங்க வெச்சேன், அண்ணே."

"அப்ப சாமிக்கு எதுக்குலா ரெண்டு சர்வர்?" என்று கத்தினேன்.

படங்கள் பினாங்கில் வேறொரு கணினியில் பத்திரமாக இருந்தன. அங்கே போக வழி சொல்லத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. தளம் திரும்பும்வரை நில அலுவலக அதிகாரி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மறுவாரம் படங்களை அச்சிட்டு அவருக்கு அனுப்பினோம். இடிக்கும் உத்தரவு வந்துவிட்டது; அதில் கையெழுத்திடுமுன் அவற்றை அவர் பார்த்தாரா என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.