மேஜர் எத்தனை அடி உயரத்தில் பறந்தார்?

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தா திங்கிக்குப் பெண் கேட்கப் போயிருந்தேன். எனக்கு இல்லை... என் மனைவியும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெண் கேட்டது மேஜர் சிவநேசனின் மகன் தினேஷுக்கு. மேஜர், ஜொகூர் பாருவில் எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்துத் தெருக்காரர். விமானப் படையில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். வாய் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

வாராவாரம் சனிக்கிழமை காலையில் இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடை ஒன்றில் நாங்கள் மூன்று பேர் பசியாறுவோம். நான், மேஜர், அவரோடு படையில் இருந்த கேப்டன் காதர். காதருக்குச் சொந்த ஊர் மூவார். குடும்பமே சாப்பாட்டுக் கடை நடத்த, இவர் ஒருவர்தான் கல்லாவில் உட்கார மாட்டேன் என்று ஆகாயத்துக்குப் போனவர்.

ரொட்டி சானாய் வருகிறதோ இல்லையோ, மேசையில் யுத்தப் பயிற்சி ஆரம்பித்துவிடும். தே தாரே தேநீர் கிளாஸ்தான் மலை. சாம்பார் கிண்ணம் ஏரி. மிளகுத்தூள் டப்பா ஹெலிகாப்டர். மேஜர் அதை எடுத்து, என் தட்டுக்கு மேலே உரசிக்கொண்டு போவார். பாதி நாள் என் ரொட்டியில் மிளகு.

விமானிகளுக்குள் ஒரு மரியாதை உண்டு — ஒருவர் பறந்த உயரத்தை இன்னொருவர் கேள்வி கேட்பதில்லை. "மரத்து உச்சியத் தொட்டுக்கிட்டுப் போனேன்" என்று காதர் சொன்னால், "என்ன மரம்?" என்று மேஜர் கேட்க மாட்டார். அடுத்து தன் முறை வரும் என்று அவருக்குத் தெரியும். நான் சாதாரணக் குடிமகன். எனக்கு அந்த மேசையில் ஒரே வேலைதான். "அப்புறம்?" என்று கேட்பது.

மேஜரின் கதைகளில் மணிமகுடம், கோத்தா திங்கி செம்பனைக் கதை. மேலதிகாரி சவால் விட்டாராம். இவர் சின்ன ஹெலிகாப்டரைத் தனியாக எடுத்துக்கொண்டு போய், ஓர் எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குள் புகுந்து, தாழ... தாழ... பறந்தாராம்.

எவ்வளவு தாழ? அங்கேதான் விஷயம்.

நான் முதன்முதலில் கேட்டபோது ஹெலிகாப்டர் இருநூறு அடியில் இருந்தது. காதர் வீட்டு நோன்புப் பெருநாள் விருந்தில் அது நூறுக்கு வந்தது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஐம்பது. போன மாதம் இரண்டு செம்பனை வரிசைகளுக்கு நடுவில் நுழைந்து, சக்கரத்தில் ஒரு மட்டையோடு வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் அதற்கு ரோடு டேக்ஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, யாருக்கு என்ன நஷ்டம்? சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நானும் இருந்தேன். பெண் கேட்கப் போவதற்கு முந்தின வாரம் தினேஷ் என் வீட்டுக்கு வரும் வரையில்.

தினேஷுக்கு சிங்கப்பூரில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் வருகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். அந்தப் பெண் யாழினியும் அதே கம்பெனியில்தான். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா சம்மதித்துவிட்டார். அம்மா மட்டும் பதில் சொல்லவில்லை.

"அவங்களோட தம்பி மோட்டார் விபத்துலதான் போயிட்டாரு, அங்கிள்," என்றான். "வேகமா ஓட்டுனா அவங்களுக்கு ஆகாது. நான் மெதுவாத்தான் போறேன். ஆனா அப்பா அங்க வந்து செம்பனைக் கதைய எடுத்தாருன்னா முடிஞ்சது. அப்பாவே இப்படின்னா பிள்ளை எப்படி இருப்பான்னு நினைப்பாங்க. நீங்கதான் எப்படியாவது அப்பா வாயக் கட்டணும் லா."

மேஜரின் வாயைக் கட்டுவதா? எதிரிப் படையாலேயே முடியாத காரியம். இருந்தாலும் போய்ச் சொன்னேன்.

"மிலிட்டரி வார்த்தை," என்றார் மேஜர், நெஞ்சில் கை வைத்து. "பொண்ணு வீட்டுல ஹெலிகாப்டர்ங்கிற வார்த்தையே என் வாயிலேருந்து வராது."

வார்த்தையைக் காப்பாற்றினார். அவர் வாயிலிருந்து அது வரவில்லைதான்.

பெண் வீட்டுக் கூடத்தில் தட்டு வரிசைகளை வைத்தோம். காதரும் நானும் ஆளுக்கொரு பக்கம் மேஜரை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மழை, வெள்ளம், வேலை, விலைவாசி எல்லாம் பேசியாயிற்று. மேஜர் முறுக்கைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்கவில்லை. தினேஷின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா கோபால், "சார், நீங்க ஹெலிகாப்டர்லாம் ஓட்டினீங்களாமே? பயமா இருக்காதா?" என்றார்.

மேஜர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன் — வேண்டாம் என்று. அதை அவர் ஆரம்பியுங்கள் என்று எடுத்துக்கொண்டார் என்பது என் சந்தேகம்.

வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கு மேலே எழும்பியது. முறுக்குத் தட்டைச் சுற்றி வந்தது. "இங்கதான், உங்க கோத்தா திங்கியிலதான். நீலக் கோபுரம் வெச்ச ஒரு மாரியம்மன் கோயில். பக்கத்துல லயத்து வீடுங்க. ஒரு திடல். அப்படியே இறங்கினேன் பாருங்க..."

நான் அவர் காலை மிதித்தேன். காதர் இருமினார். பாக்கு ஐம்பது அடிக்கு இறங்கி, முப்பதுக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தது. அப்போது சமையலறை வாசலில் பெண்ணின் அம்மா லெட்சுமி காப்பித் தட்டோடு வந்து நின்றார்.

"அவ்வளவு கீழயா பறந்தீங்க?" என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "உங்க மகனும் அப்படித்தான் மோட்டார் ஓட்டுவாரா?"

தினேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது என் வாழ்நாளில் காணாத காட்சி. மேஜரின் ஹெலிகாப்டர் மேலே ஏறியது.

"இல்லம்மா... ஒரு நூறு அடி இருக்கும்."

லெட்சுமி அம்மா அசையவில்லை.

"சரியாச் சொன்னா இருநூறு. ஐந்நூறுன்னுகூட வெச்சுக்கலாம்." கொட்டைப்பாக்கு அவர் தலைக்கு மேலே போய்விட்டது. காதர் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை ஆண்டு தே தாரே குடித்து இறக்கிய உயரம் முழுவதும் ஒரு காப்பிக்கு முன்னால் போய்விட்டதே.

லெட்சுமி அம்மா தட்டை மேசையில் வைத்தார். "அது எங்க தோட்டம்," என்றார். "நான் அங்கதான் பொறந்தேன். நீங்க வந்தப்ப அங்க ஒரு போர்டு விழுந்துச்சா?"

மேஜரின் கை அந்தரத்தில் நின்றது.

"ஆரம்பிச்சிட்டா," என்று சிரித்தார் கோபால். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே கதைதான் சார். இவ ஹெலிகாப்டருக்கு வழி காட்டினாளாம். தோட்டத்துல எல்லாரும் செம்பனைப் பழம் வெட்ட வெளிக்காட்டுக்குப் போயிட்டாங்களாம், இவ ஒருத்திதான் பாத்தாளாம். எங்க அண்ணன் தம்பிங்க இன்னிக்கும் இவளக் கண்டா, ஏரோபிளேனுக்கு வழி சொன்னியான்னு கேப்பாங்க."

கூடத்தில் இருந்த பெண் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பழகிப்போன சிரிப்பு.

லெட்சுமி அம்மா அவர்களைப் பார்க்கவில்லை. மேஜரிடம்தான் பேசினார். "துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். பெரிய சத்தம். தலைக்கு மேல வந்து நிக்குது. காத்துல துணியெல்லாம் பறந்து போச்சு. தோட்டத்துப் பேர் எழுதின போர்டு ஒண்ணு திடல்கிட்ட இருந்துச்சு. ஓட்டுறவரு அதைப் படிக்கத்தான் எட்டி எட்டிப் பாத்தாரு. அவரு கிட்ட வர வர, அவரு அடிச்ச காத்துலயே அது குப்புற விழுந்துருச்சு."

காதர் மெல்ல மேஜர் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் என்னைப் பாத்துக் கைய இப்படித் திருப்பித் திருப்பிக் காட்டினாரு. வழி தெரியாம வர்ற பழ லாரிக்காரங்க அப்படித்தான் கேப்பாங்க. நான் கோத்தா திங்கி இந்தப் பக்கம்னு கைய நீட்டினேன். தலைய ஆட்டிட்டுத் திரும்பிப் போனாரு. இவ்வளவுதான் நடந்துச்சு. இதை யாரும் நம்பல."

கடைசி வார்த்தையில் குரல் லேசாக உடைந்தது.

யோசித்துப் பாருங்கள். மேஜர் சிரித்துவிட்டு, "அது வேற யாராவது இருக்கும்மா" என்று சொல்லியிருந்தால் போதும். கூடமே கூடச் சிரித்திருக்கும். சவால் கதையும் பிழைத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதோ காதர் — இத்தனை வருடமாக அந்தச் சவாலை நம்பிய ஒரே விமானி. அவர் முன்னால் எந்த விமானி வாயைத் திறந்து, நான் வழி தவறியவன் என்பான்?

எனக்கு உள்ளுக்குள் கோபமே வந்துவிட்டது. 'சொல்லுய்யா' என்று கத்த வேண்டும் போலிருந்தது.

மேஜர் கொட்டைப்பாக்கைத் தட்டில் வைத்தார். எழுந்து நின்றார்.

"நான்தாம்மா அது," என்றார். "சவாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வழி தவறிட்டேன். என் மடியில இருந்த மேப்புல அந்த இடமெல்லாம் காடுன்னு போட்டிருந்துச்சு. கீழ பாத்தா எங்க பாத்தாலும் செம்பனை, எல்லா வரிசையும் ஒரே மாதிரி. எண்ணெய் முள்ளு வேற இறங்கிருச்சு. போர்டப் படிக்கலாம்னு வந்தா அதையும் நானே தள்ளிட்டேன். அன்னிக்கு நீங்க கை காட்டலன்னா நான் எங்க விழுந்து கிடந்திருப்பேனோ தெரியாது. இத்தனை வருஷம் இதை யார்கிட்டயும் சொல்லல. மன்னிச்சிருங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

லெட்சுமி அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார். "காதுல விழுந்துச்சா?"

கோபால் முறுக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மேஜரின் பொய்க்கு நாங்கள் வாராவாரம் மேசை போட்டு, தே தாரே வாங்கிக் கொடுத்து, "அப்புறம்?" என்று கேட்டோம். அந்த அம்மாவின் உண்மைக்கு அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலிகூட இல்லாமல் இருந்திருக்கிறது. இளித்தவாயன்கள் நாம்தான். மிளகு டப்பாவோடு வருகிறவர் சொன்னால் வாயைப் பிளக்கிறோம். காப்பித் தட்டோடு வருகிறவர் சொன்னால் சர்க்கரை போதுமா என்று பார்க்கிறோம்.

கொஞ்ச நேரம் கழித்து லெட்சுமி அம்மா தினேஷைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, பாலத்துல மழை பிடிச்சா என்ன செய்வீங்க?"

"ஓரமா நிறுத்திருவேன், ஆண்ட்டி. மழை விட்டப்புறம்தான் எடுப்பேன். வேலைக்கு லேட்டானாலும் பரவால்ல."

"உங்க அப்பா மாதிரி வழி தெரியலன்னா?"

தினேஷ் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தான். "நின்னு கேப்பேன், ஆண்ட்டி."

"ஆண்ட்டி இல்ல," என்றார் அவர். "அத்தை."

கதவோரம் நின்ற யாழினி உள்ளே ஓடிவிட்டாள். காப்பி ஆறிப்போயிருந்தது. எல்லோரும் ரசித்துக் குடித்தோம்.

திரும்பி வரும்போது நான் கார் ஓட்டினேன். தினேஷ் பின்னால் போனில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். காதர் மட்டும் உலு திராம் வரும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு வருத்தத்தோடு, "வழி தவறினத என்கிட்டகூடச் சொல்லலையே மச்சான்," என்றார்.

மேஜர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏன், நீ தவறினதே இல்லையா?"

காதர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி, செம்பனை மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார். வீடு வரும் வரை பார்த்தார்.

தை மாதத்தில் கல்யாணம். லெட்சுமி அம்மாவுக்கு இப்போது தனி மரியாதை. கேலி செய்த கொழுந்தன்மார்களே வீடு தேடி வந்து, உட்கார வைத்து, முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் போகிறார்களாம். நல்லது. பட்ட பாட்டுக்கு வட்டியோடு வரட்டும்.

கல்யாண விஷயமாக முந்தாநாள் லெட்சுமி அம்மாவோடு போனில் பேசினேன். பேச்சு தானாகவே அந்தப் பழைய நாளுக்குப் போனது. "அப்புறம்?" என்றேன், வழக்கப்படி. ஹெலிகாப்டர் துணிக்கொடிக்குக் கீழே வந்துவிட்டது. மேஜர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். இவர் சொம்பில் மொண்டு கொடுத்திருக்கிறார்.

பக்கத்திலிருந்து கோபால், "ஆமா சார், நான் கண்ணால பாத்தேன்" என்கிறார் — அந்தக் காலத்தில் கோபாலின் குடும்பம் இருந்தது ஜொகூரின் அந்தக் கோடியில், மூவாரில்.